சத்தம் உண்டு, காற்று இல்லை

எங்கள் வீட்டில் உடையாத பொருளும் கிடையாது, ஒட்டுப் போடாத பொருளும் கிடையாது. நீலக் குடத்தின் அடியில் ஓர் ஒட்டு. குளியலறை பக்கெட்டில் இரண்டு. மாடித் தண்ணீர்த் தொட்டியில் நான்கு. பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் ஒன்று, அது சட்டையைக் கிழிக்கும். எல்லா ஒட்டின் மேலும் ஆணியால் கீறிய ஒரு சின்ன வேல் இருக்கும். அது என் கணவர் லோகுவின் அடையாளம். திருப்போரூர் முருகனுக்கு மரியாதை என்பார். வெறும் விளம்பரம் என்பேன் நான்.

புருஷன் பெயரைச் சொல்லக் கூச்சப்படும் வழக்கமெல்லாம் எங்கள் கொக்கிலமேட்டில் என் மாமியாரோடு போய்விட்டது. அதனால் லோகு என்றே எழுதுகிறேன். வயது ஐம்பத்தொன்று. தொழில், ஃபைபர் போட்டுகளுக்கு ஓட்டை அடைப்பது. பாறையில் உரசிய போட், அலையில் புரண்ட போட், அண்ணன் தம்பி சண்டையில் கடப்பாரையால் குத்துப்பட்ட போட், எல்லாம் அவரிடம்தான் வரும். கண்ணாடி நாரில் நெய்த பாயை ஓட்டையின் மேல் வைத்து, அதன் மேல் ரெசின் என்கிற பிசினைப் பூசுவார். பிசினில் நாலு சொட்டு மருந்து கலந்ததும் இருபது நிமிடத்தில் கல்லாகிவிடும். அதற்குள் பூசியாக வேண்டும். பூசிய பிறகும் பிசின் கலந்த மக்கில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

அந்த மிச்சம்தான் எங்கள் குடும்பத்தின் தலையெழுத்து. வீணாகக் கூடாதே என்று, மக்கைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடுவார். விரிசல் விட்டது எது, ஓட்டையானது எது என்று தேடுவார். ஒன்றும் அகப்படாவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போவார். ஒருமுறை பக்கத்து வீட்டு ஆடு தண்ணீர் குடிக்கும் தொட்டிக்கும் வேல் போட்டுவிட்டு வந்தார்.

இந்த வேலையை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு குப்பத்துக்கு ஃபைபர் போட்டுகள் வந்தபோது, அது எதனால் ஆனது என்று ஒருவருக்கும் தெரியாது. இரண்டாம் வருஷம் ஒன்று விரிசல் விட்டது. மற்றவர்கள் அதைக் காசிமேட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று பேசிக்கொண்டிருக்கையில், இவர் கரையில் கைவிட்டுக் கிடந்த இன்னொரு போட்டை ரம்பத்தால் நடுவில் அறுத்துவிட்டார். உள்ளே எத்தனை அடுக்கு என்று பார்க்கணுமாம். என் மாமனார் துடுப்பைத் தூக்கிக்கொண்டு துரத்தினாராம். ஓடிக்கொண்டே, "நாலு அடுக்கு கீது நைனா!" என்று கத்தினாராம் இவர்.

அப்படிப்பட்ட மனுஷர். எதைப் பார்த்தாலும் இது எதுக்கு என்று கேட்பார். நான் வேலை பார்க்கும் அங்கன்வாடியில் குழந்தைகளை நிறுக்கும் எடை மெஷினைக்கூட ஒருநாள் கழற்றிப் பார்த்து, திரும்ப மாட்டியதில் பையனூர்க் குழந்தைகள் எல்லாரும் ஒரே நாளில் இரண்டு கிலோ ஏறிவிட்டார்கள். மேலதிகாரி என்னைப் பாராட்டிவிட்டுப் போனார். 

கேள்வி கேட்கிறவரைக்கும் தங்கம். ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டால் தொலைந்தது. பிறகு தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்தான். "தப்பாச் சொல்லிட்டேன்" என்று அவர் வாயால் இருபத்திரண்டு வருஷத்தில் நான் கேட்டதில்லை.

நான்கு வருஷத்துக்கு முன், செங்கல்பட்டில் ஓய்வுபெற்ற ஒருவரிடமிருந்து பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினோம். ரெசின் டின்னையும் பாய்ச் சுருளையும் ஏற்றிக்கொண்டு தேவனேரி, நெம்மேலி, சதுரங்கப்பட்டினம் என்று குப்பம் குப்பமாகப் போக அது வேண்டியிருந்தது. மழை நாளில் என்னையும் பையனூரில் இறக்கிவிடுவார். வாங்கும்போதே ஏசி செத்திருந்தது. "கடக்காத்து கீது, ஏசி இன்னாத்துக்கு?" என்று அதைச் சரிபண்ணவே இல்லை. ஃபேன் மட்டும் ஓடும்.

அந்த ஃபேனுக்குப் பக்கத்தில் ஒரு திருகு இருந்தது. ஒரு பாதி நீலம், ஒரு பாதி சிவப்பு.

"இந்தச் சிவப்பு எதுக்கு?" என்று கேட்டேன்.

"ஹீட்டரு. குளுரு ஊர்க்காரனுக்கு."

"அப்ப நம்ம ஊரு வண்டில எதுக்கு வச்சிக்கிறான்?"

 மூன்று நாள் அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அக்னி நட்சத்திரத்தில் ஒருநாள் அதைச் சிவப்புக்குத் திருப்பிப் பார்த்து, இருவரும் வெந்துபோய்க் கதவைத் திறந்துகொண்டு குதித்தோம். அதன் பிறகு அதை யாரும் தொடவில்லை.

போன மே மாதம் ஃபேன் கீச்கீச்சென்று கத்தி, ஒருநாள் நின்றேவிட்டது. ஆபிரகாம்தான் சரிபண்ணினார்.

ஆபிரகாமைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருப்போரூரில் வீட்டோடு சேர்ந்த ஷெட்டில் கார், வேன்களுக்கு ஒயரிங் வேலை, மோட்டார் வேலை பார்க்கிறவர். லோகுவைவிட நாலைந்து வயது சின்னவர். பதினெட்டு வருஷ சிநேகிதம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார், மதியச் சாப்பாட்டுக்கு. எங்கள் உப்பு மண்ணில் கறிவேப்பிலை வராது என்பதால் தன் வீட்டுச் செடியிலிருந்து ஒரு கொத்து ஒடித்து, பேப்பரில் சுற்றிக்கொண்டு வருவார். என் குழம்பைப் பற்றி உண்மை பேசுகிற ஒரே ஆள் அவர். "இன்னிக்குப் புளி தூக்கல் அண்ணி" என்பார். அதனால் அவர் நன்றாயிருக்கிறது என்று சொன்னால், அது நன்றாகத்தான் இருக்கும். லோகு எதைப் போட்டாலும் தின்பார், எந்தப் பாராட்டும் கிடையாது.

ஆபிரகாம் பழைய மோட்டாரைக் கழற்றிக் காட்டினார். துரு, உள்ளே மண். "உப்புக்காத்தும் மண்ணும் உள்ள போயி தின்னுட்ச்சி அண்ணாத்த" என்றார். புது மோட்டார் மாட்டினார். காற்று நன்றாக வந்தது. கோடை அப்படியே கழிந்தது.

ஐப்பசி மழையில்தான் வினை ஆரம்பித்தது. கண்ணாடிகளை ஏற்றியதும் எங்கள் மூச்சுக்கே முன்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடும். நான் துணியை வைத்துத் துடைத்துக்கொண்டே வர வேண்டும். துடைத்த இடம் பத்து எண்ணுவதற்குள் மறுபடி வெளுத்துவிடும். நெம்மேலி பக்கம் ஒருநாள், ரோட்டோரம் நின்ற ஐஸ் வண்டி கடைசி நொடியில்தான் தெரிந்தது. லோகு பிரேக்கை மிதித்ததில் பின்னால் இருந்த ரெசின் டின் உருண்டு என் காலில் வந்து விழுந்தது. 

அன்று மாலை காரின் டப்பாவில் கிடந்த கையேட்டை எடுத்தேன். வண்டியை விற்றவர் அதைப் பிரித்தே பார்க்கவில்லை. இங்கிலீஷ்தான், எழுத்துக்கூட்டிப் படித்தேன். கண்ணாடியில் ஆவி படிந்தால் ஃபேன் திருகுக்குப் பக்கத்தில் இருக்கும் குச்சியை வெளிக்காற்றுக்குத் தள்ளு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பு, திருகைச் சிவப்புக்கு வை, ஃபேனை வேகமாகப் போடு என்று இருந்தது.

"யோவ்! ஹீட்டரு எதுக்குன்னு தெரிஞ்சுபோச்சு! நமக்குக் குளுரு காய இல்ல, கண்ணாடிக்கு!" என்று கத்தினேன்.

அவர் சோற்றுக் கையோடு ஓடிவந்தார். நாலு வருஷக் கேள்விக்குப் பதில் கிடைத்த சந்தோஷத்தில் மழையில் நனைந்துகொண்டே காரில் ஏறினோம். கையேட்டில் சொன்னபடியே எல்லாம் செய்தோம். ஃபேன் ஓவென்று இரைந்தது. கண்ணாடிக்குக் கீழே இருந்த பிளவில் உள்ளங்கையை வைத்தேன். ஒன்றுமில்லை. கொசு ஊதிய மாதிரிகூட இல்லை.

"சத்தம் வருது, காத்து வர்ல" என்றேன்.

அவர் தானும் கையை வைத்துப் பார்த்தார். முகம் இறுகியது. "மோட்டாரு டுபாக்கூரு. பழச மாட்டி ஏமாத்திட்டான்."

"யாரு? ஆபிரகாமா? வாயக் கழுவுய்யா."

முயலுக்கு மூன்று கால் ஆகிவிட்டது. மறுநாள் காலை ஜெகதாம்பாள் டீக்கடையில் பத்துப் பேர் நிற்கையில், ஆபிரகாம் புது மோட்டார் என்று சொல்லிப் பழசை மாட்டிவிட்டான் என்று உரக்கச் சொல்லியிருக்கிறார். அந்தப் பத்துப் பேரில் துரையும் ஒருவர். துரை மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்கு மூன்று வேன் ஓட்டுகிறவர். மூன்றின் ஒயரிங் வேலையும் ஆபிரகாமிடம்தான் போகும். அன்றையிலிருந்து போகவில்லை. துரை போகாத இடத்துக்கு மற்ற வேன்காரர்களும் போகவில்லை. கூடவே இருந்த சிநேகிதனே சொல்கிறான் என்றால் பொய்யாகவா இருக்கும்?

ஆபிரகாம் போன் செய்தார். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் கேட்டேன். கோபமே இல்லாத குரல். "வண்டிய எடுத்துகினு வா அண்ணாத்த. ரெண்டு பேருமாத் தொறந்து பாக்கலாம்."

"நீ ஒருவாட்டித் தொறந்ததே போதும்" என்று இவர் வைத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆபிரகாம் வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. நான்காவது ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக நான் கறிவேப்பிலையைக் கடையில் வாங்கினேன். அதை உருவிப் போடும்போது அழுகை வந்துவிட்டது. ஒரு சின்ன ஷெட்டை வைத்துப் பிழைக்கிற மனுஷனின் பெயரை, என் வீட்டு ஆள் டீக்கடையில் வைத்து உடைத்துவிட்டாரே என்று வயிறெரிந்தது. லோகுவிடம் முகம் கொடுத்துப் பேசுவதை அந்த டீக்கடை நாளிலேயே நிறுத்தியிருந்தேன். அவர் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை. தூறல். காருக்கு மேலே நீலத் தார்ப்பாயைப் பந்தலாகக் கட்டிவிட்டு, லோகு ஸ்குரூ டிரைவரோடு உள்ளே நுழைந்தார்.

"இன்னா பண்ணப்போற?"

"மோட்டாரக் கயட்டி அதே டீக்கடையில வைக்கப்போறேன். பழசா புதுசான்னு எல்லாரும் பாக்கட்டும். டார்ச்சு புடி."

பிடித்தேன். ஆபிரகாமின் பெயருக்காகப் பிடித்தேன். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார். எனக்கு முன்னால் இருந்த டப்பாவை வெளியே இழுத்தார். அதன் பின்னால், கால் வைக்கிற இடத்துக்கு மேலே, உருண்டையாக ஒன்று தொங்கியது. மூன்று ஸ்குரூ, ஒரு பிளக். அவ்வளவுதான், கையோடு வந்துவிட்டது. மோட்டாரின் தலையில் வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒரு சக்கரம், சுற்றிலும் மெல்லிய தகடுகள் நின்றன. இவ்வளவு சின்னதா இத்தனை சத்தம் போட்டது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

லோகு அதை வெளிச்சத்தில் திருப்பினார். பக்கவாட்டில் வெள்ளை பெயிண்டில் 16-5 என்று தேதி. தான் மாட்டுகிற எல்லா மோட்டாரிலும் ஆபிரகாம் போடும் தேதி அது. கம்பெனி ஸ்டிக்கர் பளபளவென்று இருந்தது. துருவில்லை.

"புதுசு மாதிரிதான் கீது" என்றார், வேண்டா வெறுப்பாக.

"மாதிரியா?"

போட் பேட்டரியைத் தூக்கிவந்து, இரண்டு ஒயரை மோட்டாரில் நேராகத் தொட்டார். சக்கரம் சுழன்றது பாருங்கள், பக்கத்து வேலை மேசை மேல் இருந்த பேப்பரெல்லாம் பறந்து மழையில் போய் விழுந்தது.

"புது மோட்டாரு. நல்ல மோட்டாரு. இப்பவே போன் போட்டுச் சொல்லு" என்றேன்.

"இரு, இரு." அவர் முகம் மாறியிருந்தது. ஐந்து வாரமாக இருந்த அந்த வீம்பு போய், போட்டை ரம்பத்தால் அறுத்த ஆள் திரும்ப வந்திருந்தார். "மோட்டாரு இப்பிடி சுத்துது. அப்ப காத்து எங்க போவுது?"

நியாயமான கேள்விதான். எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்தேன். மோட்டாரையும் பேட்டரி ஒயரையும் திரும்ப மாட்டினார். பேப்பரில் ஒரு நீளத் துண்டைக் கிழித்து, காற்று வரும் பிளவில் ஒட்டினேன். ஃபேனைப் போட்டார். பேப்பர் தொங்கியது. அப்போதுதான் அந்தக் குச்சி என் கண்ணில் பட்டது. அதன் ஒரு முனையில் வெளியிலிருந்து காருக்குள் போகும் அம்புக்குறி. மறுமுனையில் காருக்குள்ளேயே வளைந்து சுற்றும் அம்புக்குறி. கோடையெல்லாம் அது சுற்றும் அம்பில்தான் இருந்தது. மழைக்காக நாங்கள் தள்ளியது மறுபக்கம்.

திரும்ப இந்தப் பக்கம் இழுத்தேன். பேப்பர் விர்ரென்று பறந்தது. அந்தப் பக்கம் தள்ளினேன். தொங்கியது.

"உள்காத்துன்னா வருது, வெளிக்காத்துன்னா வர்ல. அப்ப வெளியேர்ந்து வர்ற வழி எங்கியோ அடைச்சிகினு கீது" என்றார் லோகு.

"வழி எங்க கீது?"

தெரியாது. இருவரும் காரைச் சுற்றிவந்தோம். கீழே குனிந்து பார்த்தோம். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. உள்ளே போய் இரண்டு ஊதுபத்தி கொளுத்திவந்தேன். காற்று உள்ளே இழுபடும் இடத்தில் புகையும் இழுபடுமே! ஃபேனை ஓடவிட்டு, ஊதுபத்தியைக் காட்டிக்கொண்டே காரைச் சுற்றினேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இன்னா பானு, ஆயுத பூசையத் தவற வுட்டுட்டியா?" என்றாள்.

வழி அகப்படவில்லை. எங்கேயும் புகை இழுபடவில்லை. கடைசியாக முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் படுத்திருக்கும் இடத்தில், நீளமான கறுப்பு பிளாஸ்டிக் சட்டத்தைப் பார்த்தேன். வரிவரியாகப் பிளந்திருந்தது. காற்று போவதற்கில்லை என்றால் அதை ஏன் பிளந்து வைக்க வேண்டும்? அதன் மேலும் புகை நேராகத்தான் எழுந்தது.

"இதான்யா வாயி. வாயில எதோ கீது" என்றேன்.

"எலி கூடு கட்டிகினு கீதோ?" அவருக்குக் கண் மின்னியது. வைப்பரைக் கழற்றினார், கிளிப்புகளை நெம்பினார், சட்டத்தைத் தூக்கினார். அடியில் சவுக்கு ஊசிகளும் மண்ணும் அடை அடையாகக் கிடந்தன. கையால் அள்ளி எறிந்தார். அதற்கும் அடியில் ஏதோ மஞ்சளாக, கெட்டியாகத் தெரிந்தது. விரலை மடக்கித் தட்டினார். டொக் டொக்.

"எவன்டா இவன்!" என்று கத்தினார். "போட்டுக்குப் போடற பாயக் கொண்டாந்து காத்து போற வழியில வச்சி அடைச்சிகிறான் பாரு! மூள கீதா இவனுக்கு? எல்லாம் அந்த ஆபிரகாமு வேலதான்..."

சொல்லிக்கொண்டே ஈரத்துணியால் அதைத் துடைத்தார். மண் விலகியது. நடுவில், ஆணியால் கீறிய ஒரு சின்ன வேல்.

 எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் அந்த வேல் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வெட்கத்தில் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஏதோ சொல்ல வந்து, மென்று விழுங்கிவிட்டு, "என் வேல" என்றார்.

ஆக்சா ரம்பத்தால் சுற்றிலும் அறுத்து, அந்தத் தகட்டை முழுசாக எடுத்தார். இலையும் எலியும் போகாதபடி, பழைய வலைத்துண்டை இரண்டாக மடித்து ஓட்டையின் மேல் கட்டினார். சட்டத்தையும் வைப்பரையும் திரும்ப மாட்டினார். இஞ்சினைச் சூடாக்கி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இருவரும் முன்கண்ணாடியில் ஹா ஹாவென்று ஊதி வெளுக்கவைத்தோம். குச்சியை வெளியே தள்ளி, திருகைச் சிவப்புக்குத் திருப்பி, ஃபேனைப் போட்டேன். அடிவிளிம்பில் முதலில் இரண்டு கைப்பிடி அளவுக்குத் தெளிந்தது. அது மெல்ல மெல்ல மேலேறி, வேலியும் தென்னையும் தெருக்குழாயும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. கொக்கிலமேட்டில் ஹீட்டர் போட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். பத்துத் தடவை ஊதி ஊதிப் பார்த்தேன்.

லோகுவுக்கு அதில் மனம் ஓடவில்லை. தகட்டை மடியில் வைத்துக்கொண்டு, "திருப்போரூருக்குப் போவணும்" என்றார்.

ஆபிரகாமின் ஷெட்டில் ஒரு வண்டியும் இல்லை. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை மாலையிலும் இரண்டு வேன் நிற்கும். ஸ்டூலில் உட்கார்ந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்க அண்ணி" என்றார். லோகுவை ஒன்றும் சொல்லவில்லை.

லோகு தகட்டை அவருடைய மேசை மேல் வைத்தார். எப்படி எடுத்தோம் என்பதை நான்தான் சொன்னேன். ஆபிரகாம் தகட்டைத் திருப்பிப் பார்த்தார். வேல் கீறலை விரலால் தடவினார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"இத ஏன் இங்க கொண்டாந்த அண்ணாத்த? என் மோட்டாரு நல்ல மோட்டாருன்னு எனக்குத் தெரியும். நீ பேசினது ஜெகதாம்பா கடையில" என்றார்.

லோகு தரையைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். கேட்க எனக்கே கஷ்டமாக இருந்தது, ஆனால் ஆபிரகாம் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. கடைசியில் லோகு தகட்டை எடுத்துக்கொண்டு, "வண்டில ஏறு" என்றார்.

ஆபிரகாம் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால். ஆலத்தூர் தாண்டியதும் மழை கொட்டியது. வெளியே ஒன்றும் தெரியாத மழை, ஆனால் கண்ணாடியில் ஆவியில்லை. பாதி வழியில் ஆபிரகாமின் கை தானாக நீண்டு, காற்று வரும் பிளவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தது. உடனே இழுத்துக்கொண்டார். 

ஜெகதாம்பாள் கடையில் மழைக்கு ஒதுங்கிய கூட்டம். துரையும் நின்றிருந்தார். நான் காரிலேயே கண்ணாடியை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆபிரகாம் கடைக்கு வெளியே, தகரத்தின் அடியில் நின்றார். லோகு மட்டும் உள்ளே போய், பஜ்ஜிப் பெட்டியின் மேல் தகட்டை வைத்தார்.

"இன்னா இது, சொல்லு."

துரை எட்டிப் பார்த்தார். "உன் வேலு."

"எங்கேர்ந்து எடுத்தேன் தெரியுமா? என் வண்டியில காத்து வர்ற வாயிலேர்ந்து. நானே அடைச்சிகினு இவம்மேல பழி போட்டேன். இவன் மாட்டின மோட்டாரு புதுசு. தொறந்து பாத்துட்டேன். நான் சொன்னது பொய்யி. தப்பாச் சொல்லிட்டேன்."

 கடை முழுக்கச் சிரிப்பு. ஜெகதாம்பாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். லோகு நகரவில்லை. சிரித்து முடிக்கும் வரைக்கும் அங்கேயே நின்றார்.

"ஏன்யா, காத்து வர்ற ஓட்டைய எவனாவது அடைப்பானா?" என்று துரை கேட்டார்.

"ரெசின் மிச்சம் இருந்திச்சி. வீணாப் போவக்கூடாதேன்னு அடிச்சிட்டேன்."

அந்த வார்த்தை என் காதில் விழுந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஓட்டையைப் பொறுத்தவரை அது அவருடைய வார்த்தையில்லை.

போன ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை. வைப்பர் துருவைச் சுரண்ட அவர் அந்தக் கறுப்புச் சட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு, இடையில் ஒரு போட்டுக்கு ஒட்டுப் போட்டு மக்கோடு வந்திருந்தார். நான் காருக்குள்ளே மண்ணைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். தினம் பெருக்கினாலும் தினம் மண். வெறுத்துப்போய் வெளியே வந்து, அந்த ஓட்டையை நானே பார்த்து, "இது வழியாத்தான் மண்ணு வருது. மக்குல மிச்சம் கீதே, வீணாக்காத, இத அடைச்சிடு" என்றேன். அவர் குனிந்து பார்த்தார். "இது எதுக்கு வச்சிக்கிறான்னு தெரியலியே பானு" என்றார். நான் என்ன சொன்னேன் என்பது இப்போது ஒவ்வொரு எழுத்தாக நினைவுக்கு வந்தது. "எதையெடுத்தாலும் எதுக்கு எதுக்குன்னு கேட்டுகினு நிக்காத. அடைய்யா."

அடைத்தார்.

தார்ப்பாயின் அடியில் அவர் என்னைப் பார்த்த பார்வை வெட்கமில்லை. அவருக்கு அப்போதே நினைவு வந்துவிட்டது. இங்கே கடையில் அத்தனை பேர் சிரிக்கும்போதும் என் பெயரை எடுக்கவில்லை. நான் இறங்கிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கதவில் கை வைத்தேன். இறங்கவில்லை. ஐந்து வாரம் அவரோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த ரோஷக்காரி, அந்தப் பத்தடி தூரம் நடக்கப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

நாளைக்கே ஒரு வேனை அனுப்புகிறேன் என்று துரை ஆபிரகாமிடம் சொன்னார். ஆபிரகாம் ஒரு டீ குடித்தார். கொண்டுபோய் விடுகிறேன் என்று லோகு சொன்னதற்கு, "பஸ்ல போய்க்கிறேன்" என்று கிளம்பிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. வஞ்சிர மீன் குழம்பு மிஞ்சியது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், பேப்பரில் சுற்றிய கறிவேப்பிலையோடு வாசலில் நின்றார். நான் வாங்கிக்கொண்டேன்.

இருவருக்கும் சோறு போட்டேன். ஆபிரகாம் முதல் கவளத்தை வாயில் வைத்து, "இன்னிக்கு எல்லாம் சரியாக் கீது அண்ணி" என்றார். அதைக் கேட்டதும் என்னால் தாங்க முடியவில்லை.

"தம்பி, அந்த ஓட்டைய இவரா அடைக்கல. இவரு எதுக்குன்னு கேட்டாரு. நான்தான் கேக்காத, அடைன்னு சொன்னேன்."

ஆபிரகாமின் கை சோற்றில் நின்றது. என்னைப் பார்த்தார், பிறகு லோகுவைப் பார்த்தார்.

லோகு தலையைத் தூக்கவில்லை. தட்டை என் பக்கம் தள்ளினார்.

"கொழம்பு ஊத்து பானு."